“நீ சிரிம்மா, டேய் நீ சிரிக்காதே”: ஆல்பம் பாட்டு எடுக்கிற இடத்தில் பார்த்தவை

லாஸ்பேட்டை மேக்கப்காரி:

மணப்பெண் அலங்காரம் என் தொழில். முகூர்த்தம் இல்லாத நாட்களில் ஆல்பம் பாட்டு (சினிமாவில் சேராமல் தனியாக வரும் வீடியோ பாட்டு) எடுக்க வருகிறவர்கள் கூப்பிட்டாலும் போவேன். புதுச்சேரிக்கு அவர்கள் வருவதே மஞ்சள் சுவருக்கும் அதன்மேல் படர்ந்த காகிதப்பூவுக்கும்தான். ரோமன் ரோலண்ட் வீதியில் சுற்றுலாக் கூட்டம் சேருமுன் வேலையை முடித்துவிடப் பார்ப்பார்கள்.

ஒரு ஷூட்டிங்கைச் சொல்கிறேன். கதாநாயகியாக வந்த பெண் நிஜத்தில் புல்லட் ஓட்டுகிறவள். அன்றைக்கும் வில்லியனூரிலிருந்து அதில்தான் வந்து இறங்கினாள். கதைப்படி அவளுக்குக் கூடை வைத்த சைக்கிள். அதுவும் ஓட்டுவதற்கு இல்லை, தள்ளிக்கொண்டு நடப்பதற்கு. அவளுடைய புல்லட்டையே வாங்கிப் பையனிடம் கொடுத்தார்கள். அவனுக்கு ஓட்டத் தெரியாது! ஃபிரேமுக்கு வெளியே இரண்டு பேர் பிடித்துத் தள்ள, தம்பி கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு கம்பீரமாக வந்தார். பாவம், அவனுக்கு இயல்பிலேயே சிரித்த முகம். சிரிக்கும்போதெல்லாம் டேக் போய்விடும். “டேய், சிரிக்காதே, தாடையை இறுக்கு” என்று ஒரு குரல். அதே குரல் அவளிடம், “நீ சிரிம்மா. ஆனா பல்லு தெரிய வேணாம், குனிஞ்சு சிரி.”

மேக்கப்பும் இதே கணக்குதான். பையனின் நிறத்தை அப்படியே விட்டுவிடலாம். தாடி அடர்த்தியில்லாத இடத்தைப் பென்சிலால் நிரப்பி, வியர்வைக்குக் கழுத்தில் கொஞ்சம் கிளிசரின் தொட்டால் முடிந்தது. பெண்ணுக்கு மட்டும் இரண்டு ஷேடு ஏற்றச் சொல்வார்கள். முகத்தோடு நிற்காது. கழுத்து, கை, பாதம் எல்லாவற்றுக்கும் பூச வேண்டும்.

எடுத்தவர்கள், ஆடியவர்கள், வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

மஞ்சக்குப்பம் எடிட்டர்:

அக்கா, நீங்கள் பூசி அனுப்புவதை வெட்டி ஒட்டுவது என்னைப் போன்றவர்கள்தான். கடலூரில் கல்யாண வீடியோவோடு ஆல்பம் பாட்டும் செய்கிறேன். பெண் அறிமுகமாகும் வரிசை எனக்கு மனப்பாடம்: கொலுசு, இடுப்பு, கூந்தல், கண், அப்புறம்தான் முகம். முழு ஆளாக அவளைப் பார்க்கப் பல்லவி முடிய வேண்டும். பையன் முதல் ஷாட்டிலேயே தலை முதல் கால் வரை வந்துவிடுவான், கூடவே கூட்டாளிகளும்.

ஸ்லோ மோஷனையும் கவனித்திருக்கிறேன். நொடிக்கு 100 ஃபிரேம் எடுத்து 25-இல் ஓட்டினால் நான்கு மடங்கு மெதுவாகத் தெரியும். அப்படி மெதுவாக்கும்போதும் அவன் ஏதாவது செய்துகொண்டிருப்பான். நடப்பான், வேட்டியை மடித்துக் கட்டுவான், யாரையாவது அடிப்பான். அவளை மெதுவாக்கினால் முடி பறக்கிறது, துப்பட்டா பறக்கிறது. வேறு வேலை அவளுக்குக் கொடுக்கவே இல்லை.

ஒரு பாட்டில் அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த ஒரு ஷாட் இருந்தது. மொத்த ஃபுட்டேஜிலும் உயிரோடு இருந்தது அதுதான். “பொண்ணு மாதிரி இல்லையே” என்று காசு போட்டவர் எடுக்கச் சொல்லிவிட்டார். பையன் அழுகிற ஷாட்டும் இருந்தது. அது இருக்கலாமாம், ஆனால் மழை வேண்டும், கையில் பாட்டில் வேண்டும். சும்மா உட்கார்ந்து அழுதால் ஆம்பளை இல்லையாம்.

இதில் 2011 நவம்பரில் வந்த ‘கொலவெறி’யை எனக்கு மறக்க முடியாது. கேமரா ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்குள்ளேயே இருக்கும். தனுஷ் பாடுவார், அனிருத் கூட இருப்பார். கைவிட்டுப் போன பெண் வரிகளில் மட்டும் வருவாள், தோல் வெள்ளை, மனசு கறுப்பு என்று. உட்கார்ந்து கேட்கிறவர்களில் ஐஸ்வர்யா ரஜினிகாந்தும் ஒருவர். அந்தப் பாட்டு வந்த ‘3’ படத்தின் இயக்குநரே அவர்தான். ஆனால் வீடியோவில் அவருக்கு வேலை, கேட்டுப் புன்னகைப்பது.

அரியாங்குப்பம் பையன்:

பாட்டைப் பாட்டாகப் பாருங்கள் சார். வேலை முடிந்து வந்து மூன்று நிமிடம் ஜாலியாகப் பார்க்கிறோம். அதிலும் கணக்குப் பார்த்தால் எப்படி? அழகான பெண்ணை அழகாகக் காட்டுவது தப்பா?

கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) டீச்சர்:

தம்பி, மூன்று நிமிடம்தான், சரி. ஆண்டு விழா வந்தால் அதே மூன்று நிமிடத்தை மாதக் கணக்கில் பிள்ளைகள் ஒத்திகை பார்க்கிறார்கள்.

எட்டாம் வகுப்புப் பெண்கள் ‘ரவுடி பேபி’ ஆட வேண்டும் என்றார்கள். 2020 நவம்பரில் யூடியூபில் 100 கோடி பார்வையைத் தாண்டிய பாட்டு, பிரபுதேவா நடனம் அமைத்தது. அது அவர்களுக்குப் பிடித்ததற்குக் காரணம் எனக்கு நன்றாகவே புரிந்தது. சாய் பல்லவி அதில் தனுஷுக்கு ஈடாகக் குதித்து ஆடுவார். ஓரமாக நின்று வெட்கப்படும் வேலையே இல்லை. எங்கள் பெண்கள் ஒரு படி மேலே போய், இரண்டு பேர் பாகத்தையும் தாங்களே ஆடுவதாகவும், பாதிப் பேர் லுங்கி கட்டுவதாகவும் முடிவு செய்தார்கள். உடனே ஒரு அம்மா வந்துவிட்டார்: “பொம்பளப் புள்ள லுங்கி கட்டி மேடை ஏறினா நாளைக்கு யாரு கட்டிப்பா?” எட்டாம் வகுப்புக் குழந்தை அது! கடைசியில் லுங்கி ஜீன்ஸ் ஆனது. இடுப்பைக் காட்டும் பாவாடையோடு வேறொரு வகுப்பு ஆடியது. அதற்கு எந்த வீட்டிலிருந்தும் ஆட்சேபம் வரவில்லை.

ஆண்பிள்ளைகள் பக்கம் இன்னும் மோசம். வகுப்பிலேயே நன்றாக ஆடத் தெரிந்தவன் ஒருவன். கை நெளிவும் கண்ணசைவும் அவனுக்குத் தானாக வரும். மற்ற பையன்கள் வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத விருப்பமில்லை. அவன் பேரைக் கொடுக்கவே இல்லை.

பண்ருட்டிப் பக்கத்துக் கூத்தாடி:

எங்கள் தெருக்கூத்து ஜமாவில் (குழுவில்) நான் பெண் வேஷம் கட்டுகிறவன். டீச்சர், அந்தப் பையனை என்னிடம் அனுப்புங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

‘கிராமத்துப் பாட்டு’ எடுக்கிறோம் என்று சில்வர் பீச்சுக்கு எங்களை அழைத்தார்கள். கிரீடம், புஜக்கட்டை எல்லாம் கட்டிக்கொண்டு மணலில் நின்றோம். கதாநாயகன் முன்னால் மீசையை முறுக்க, நாங்கள் பின்னால் அடவு போட வேண்டும். வெயிலில் அரிதாரம் வழிந்துகொண்டிருந்தது. அது பழகிய கஷ்டம்தான். மதியம் ஒருவர் வந்து, “அண்ணே, நீங்க பொம்பள வேஷம் போடுவீங்களாமே, ஹீரோமேல வந்து விழுந்து கொஞ்சுற மாதிரி ஒரு காமெடி ஷாட் குடுங்க” என்றார். சிரிக்க வைக்க எங்களிடம் கட்டியங்காரன் இருக்கிறான் தம்பி, பாஞ்சாலியிடம் வந்து அதைக் கேட்கக் கூடாது என்றேன். அவருக்குப் புரியவில்லை. சேலை கட்டிய ஆண் என்றால் சிரிப்பு என்றுதான் அவர் பார்த்த பாட்டெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கின்றன.

அரியாங்குப்பம் தம்பி, அழகாகக் காட்டுவது தப்பில்லை. பாஞ்சாலியின் துகிலை உரியும் கதையான துகில் கூத்துக்கு நானும் அலங்காரம் செய்துகொண்டுதான் வருகிறேன். ஆனால் அந்தப் பாஞ்சாலி சபையில் நின்று கேள்வி கேட்பாள். கூந்தலை அவிழ்த்துச் சபதம் போடுவாள். அந்த இடத்தில் மீசை வைத்த பெரியவர்கள் கற்பூரம் ஏற்றுவார்கள், சில பெண்களுக்குச் சாமி வந்துவிடும். பீமனாக இருக்கிறவன் அடுத்த காட்சியில் அழுவான், மழையெல்லாம் வேண்டியதில்லை. நீ பார்க்கிற பாட்டில் அந்தப் பெண்ணுக்குக் கேட்க ஒரு கேள்வியாவது உண்டா?

கூத்தையும் நான் தூக்கிப்பிடிக்கவில்லை. எங்கள் ஜமாவில் பெண்கள் இல்லை. பெண்ணைப் பற்றி மேடையில் இவ்வளவு பேசிவிட்டுப் பெண்ணை மேடை ஏற்றாமல் இருப்பது எனக்கே உறுத்தும்.

சிப்காட் ராப்:

கூத்து அண்ணன் கேட்ட கேள்வி எனக்கு நன்றாகத் தெரியும். நான் ராப் எழுதிப் பாடுகிறேன், ஊர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி. காற்றின் நாற்றத்தைப் பற்றி ஒரு பாட்டு எழுதி, ஷூட் செய்யும் பையன்களிடம் கொண்டுபோனேன். “சூப்பர்க்கா, நடுவுல ஒரு லவ் சீன் வைக்கலாமா? நீங்க கொஞ்சம் டான்ஸ் பண்ணா ரீச் ஆகும்” என்றார்கள்.

2015-இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய கொடைக்கானல் பாதரசப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். நிக்கி மினாஜின் ‘அனகோண்டா’ மெட்டு அது. மூலப் பாட்டின் வீடியோ முழுக்க உடம்புதான் காட்சி. சோஃபியா அதே தாளத்தை எடுத்துக்கொண்டு, பாதரசக் கழிவை விட்டுப்போன ஹிந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலையைக் கேள்வி கேட்கிறார். அடுத்த மார்ச்சில் அந்த நிறுவனம் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு உடன்பாட்டுக்கு வந்தது. அந்தப் போராட்டம் பல வருடப் போராட்டம், பாட்டால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் லவ் சீன் இல்லாமல் ரீச் ஆனதா இல்லையா?

பையன்கள் யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார்கள். மேக்கப் அக்கா, எடிட்டர் அண்ணன், உங்களுக்கு நேரம் இருந்தால் சொல்லுங்கள். நிறம் ஏற்ற வேண்டாம், கொலுசு ஷாட்டும் வேண்டாம்.

லாஸ்பேட்டை மேக்கப்காரி:

நான் வருகிறேன்ம்மா. காசு அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அரியாங்குப்பம் பையன்:

கூத்து அண்ணே, நீங்கள் சொன்ன துகில் எந்த ஊரில், எப்போது? யூடியூபில் தேடினால் ஆடியோ சரியாக இல்லை.

பண்ருட்டிப் பக்கத்துக் கூத்தாடி:

சித்திரையில் திரௌபதியம்மன் கோயில்களில் கொடி ஏறட்டும், ஊர்ப் பெயர் சொல்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் ஆரம்பிக்கும், முடிய விடிந்துவிடும். போர்வை எடுத்துக்கொண்டு வா. முன்வரிசையில் ஆயாக்கள் உட்காருவார்கள், அவர்களை மறைக்காமல் உட்காரு.