ஒரே நாவல், பல அட்டைகள்: ‘அட்டைபேதம்’ சரிவருமா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு, வணக்கம்.

ஒரு நாவலுக்குப் பதிப்புக்குப் பதிப்பு அட்டை மாறுகிறதே, அப்படி வரும் ஒவ்வோர் அட்டையையும் குறிக்க ஒரு கலைச்சொல் வேண்டும் என்று தொடங்கிய பேச்சில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. தக்கலை அண்ணாச்சி ‘மாற்றட்டை’ என்றார். மார்த்தாண்டம் அக்கா ‘அட்டை வேறுபாடு’ போதுமே என்கிறார். நான் ‘அட்டைபேதம்’ என்று எழுதியிருந்தேன். இரண்டு பேருக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி சொன்ன காரணம் நல்ல காரணம். மொழியியலில் ‘மாற்றொலி’ என்று ஒரு சொல் ஏற்கெனவே புழங்குகிறது. ‘பல்’ என்பதில் பகரம் ஒருவிதமாக ஒலிக்கிறது, ‘தம்பி’யில் வேறுவிதமாக ஒலிக்கிறது, எழுத்து ஒன்றுதான். நாவலும் அப்படித்தான், இடத்தைப் பொறுத்து அட்டை மாறுகிறது என்கிறார். எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் மொழியியல் படிக்காத ஒருவர் காதில் ‘மாற்றட்டை’ எப்படி விழும்? மாற்றுச் சாவி, மாற்றுத் துணி, மாற்று ஏற்பாடு எல்லாமே ஒன்று இல்லாதபோது கைகொடுக்கிற இன்னொன்று. அப்புறம் முதல் பதிப்பின் அட்டைதான் அசல், மற்றதெல்லாம் பதிலி என்று ஆகிவிடும். நாம் சொல்ல வருவது அதுவல்ல.

‘அட்டை வேறுபாடு’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘இந்த நாவலுக்கு ஐந்து அட்டை வேறுபாடுகள் உண்டு’ என்று எழுதிப் பாருங்கள். ஐந்து அட்டைகளா, இரண்டு அட்டைகளுக்கு நடுவே ஐந்து வித்தியாசங்களா? ஒரே செய்யுளடி ஓலைச்சுவடிக்குச் சுவடி வேறுவேறாக இருப்பதைப் பாடபேதம் என்கிறோம்; ‘இந்த அடிக்கு மூன்று பாடபேதங்கள்’ என்றால் இந்தக் குழப்பம் வருவதில்லை. மூன்று பாடங்கள் கிடைத்திருக்கின்றன என்றுதான் புரிந்துகொள்கிறோம்.

நான் பேதத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் உ.வே.சா. அவருடைய பழந்தமிழ் நூல் பதிப்புகளின் அடிக்குறிப்பில் ‘பி-ம்.’ என்று ஒரு சுருக்கம் வரும். பிரதிபேதம் என்பதன் சுருக்கம் அது. ஓர் ஏட்டில் இப்படி, இன்னோர் ஏட்டில் அப்படி என்றால், தமக்குச் சரியென்று பட்டதை மேலே வைத்துவிட்டு மற்றதைக் கீழே கொடுத்திருப்பார், தூக்கி எறிந்திருக்க மாட்டார். பின்னால் வருகிற வாசகன் அதைப் பார்த்துத் தன் முடிவுக்கு வரலாம். அட்டைகளுக்கும் இந்த மரியாதை வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

நம்ம நாகர்கோவில் உதாரணமே இருக்கிறது. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966இல் வந்தது. அதற்குப் பிறகு தமிழில் பல பதிப்புகள், ஆற்றூர் ரவிவர்மாவின் மலையாள மொழிபெயர்ப்பு, ஆங்கிலத்தில் 1995இல் எஸ். கிருஷ்ணனுடையது, 2013இல் பிளேக் வென்ட்வொர்த்துடையது, ஹீப்ருவிலும் ஒன்று. இந்த நாவலுக்கு அட்டை போட உட்கார்கிறவர் ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டும். மரத்தை வரைவதா, மரத்தைச் சுற்றிக் கடைகளும் தேர்தலும் நகராட்சியும் வந்து சேர்கிற ஜங்ஷனை வரைவதா, கதை சொல்லும் தாமோதர ஆசானை வரைவதா? மரம் என்றே வைத்துக்கொண்டாலும், தழைத்து நிற்கும் மரமா, பட்டுப்போன மரமா? பட்ட மரத்தை அட்டையில் போட்டால் கதையின் முடிவை வாசலிலேயே சொன்ன மாதிரி. புளிய இலை வேறு பொடிப்பொடியாக, காம்பின் இரண்டு பக்கமும் வரிசையாக அடுக்கி நிற்கும். நாகர்கோவில்காரன் கண் முதலில் அந்த இலையைத்தான் தேடும். புளியமரத்தையே பார்த்திராத ஊரில் அட்டை போடுகிறவருக்கு அந்தக் கவலை இருக்காது, அவர் வேறெதையோ முன்னால் கொண்டுவருவார். ஆக ஒவ்வோர் அட்டையும் நாவலை ஒருவர் வாசித்த விதம். அதனால்தான் இதைப் பாடத்தோடு சேர்த்துப் பேசுகிறேன்.

எல்லா மாற்றமும் பேதமாகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆகாது. மறு அச்சில் மை கூடிக் குறைந்து சிவப்பு செங்கல் நிறமாகிவிட்டால் அது அச்சுத் திரிபு. ஏடு எழுதியவர் கைதவறி ஓர் எழுத்தை விட்டதை நாம் பாடம் என்று சொல்வதில்லை அல்லவா? வடிவமைப்பவர் யோசித்து மாற்றியிருந்தால் மட்டுமே பேதம். ஒப்பிடும்போது அச்சுமுறையையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிளாக் (படம் பதித்த அச்சுக்கட்டை) வைத்து அச்சடித்த காலத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி பிளாக், தனி ஓட்டம். நிறம் கூடினால் செலவு கூடும். பழைய அட்டை இரண்டே நிறத்தில் இருந்தால் அது ஓவியரின் ரசனை என்று சட்டென்று எழுதிவிடக் கூடாது.

இதில் எனக்குள்ள வருத்தம் ஒன்று உண்டு. எங்கள் பக்கத்து நூலகம் ஒன்றில் நாவல் வந்த கொஞ்ச நாளிலேயே அட்டையைக் கிழித்துவிட்டு, காலிகோ துணி ஒட்டி பைண்டு செய்துவிடுகிறார்கள். முதுகில் ஓர் எண், அவ்வளவுதான். புத்தகம் நாள்பட உழைக்கும், சரி. அந்த அட்டை எப்படி இருந்தது என்று இனி யாரைக் கேட்பது? ஏட்டைச் செல் அரித்தது, இங்கே நாமே செய்கிறோம். நூற்பட்டியலில் ‘அட்டைபேதம்’ என்று ஒரு கட்டம் இருந்தால், கிழிப்பதற்கு முன் ஒரு படமாவது எடுத்து வைக்கச் சொல்லலாம்.

அக்காவின் இன்னொரு ஆட்சேபம் என்னை நிறையவே யோசிக்க வைத்தது. பேதம் என்றாலே நம் பக்கத்து ஆட்களுக்குச் சாதிபேதம்தான் நினைவு வரும் என்கிறார். உண்மை. சாதியை எதிர்த்த கேரளத்துத் துறவி நாராயண குரு நம் பக்கத்து மருந்துவாழ்மலையில் தவமிருந்தவர். 1888இல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவி அவர் பொறிக்கச் சொன்ன வரியே ‘ஜாதிபேதம் மதத்வேஷம்’ என்றுதான் தொடங்குகிறது. இங்கே பேதம் ஒழிய வேண்டிய ஒன்று. ஆனால் அந்தச் சொல்லோடு எது சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும், அக்கா. பாடபேதத்தைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை. விளவங்கோட்டுப் பக்கம் மலையாளமும் வாசிக்கிறவர்களுக்கும் பாடபேதம் பழகிய சொல்தான். புதிதாக எதையும் விளக்க வேண்டியிருக்காது.

கடைசியாகச் சந்தி. இலக்கணப்படி ‘அட்டைப்பேதம்’ என்று வலி மிகும். ஆனால் ஒற்றுப் போட்டால் வாசிப்பவர் பகரத்தை வல்லொலியாக அழுத்திவிடுவார், பேதத்தின் மெல்லிய ஒலி போய்விடும். ‘பாடபேதம்’ போலவே ஒற்றில்லாமல் ‘அட்டைபேதம்’ என்றே எழுதலாம் என்பது என் கருத்து. அடிக்குறிப்பில் ‘அ-ம்.’ என்று சுருக்கிக்கொள்ளலாம். அண்ணாச்சி இலக்கணத்தில் கறார், ஒற்று விஷயத்தில் அவர் என்ன சொல்கிறார் என்று தெரிந்த பிறகு நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.