பின்செலவா, பின்வரவா?

ஓரகடத்திலிருந்து:
கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள். அதற்குள் கிடங்கில் சுவரொட்டி ஒட்டியாக வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் புதிதாக மூன்று சாமான் மாட்டியிருக்கிறோம், மூன்றுக்கும் தமிழ்ப் பெயர் வேண்டும். ரிவர்ஸ் எடுத்தால் கத்தும் ஹாரன். வண்டி வருமுன்னே தரையில் நீல வட்டம் போடும் விளக்கு. பக்கவாட்டில் சிவப்புக் கோடு போடும் விளக்கு, அந்தக் கோட்டுக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. நான் எழுதி வைத்திருப்பது: பின்செலவு எச்சரிக்கை ஒலிப்பான், நீலப்புள்ளி விளக்கு, செங்கோட்டு விளக்கு. சரிதானா?

தஞ்சாவூரிலிருந்து:
தம்பி, விளக்குகள் இருக்கட்டும். "எச்சரிக்கை" தெலுங்கு வழி வந்தது. அரசவைக் கட்டியங்காரன் "எச்சரிக்கை, பராக்" என்று கூவிய சொல்லை இயந்திரத்தின் வாயில் ஏன் வைக்க வேண்டும்? நற்றிணை 350-ஐப் பாருங்கள்: "வெண்ணெல் அரிநர் தண்ணுமை வெரீஇ". நெல் அறுப்பவர் தண்ணுமை என்னும் பறையை முழக்க, வயலில் இருந்த பறவைகள் வெருண்டு பறக்கின்றன. ஆள் வருகிறான், விலகு என்பதுதானே அந்த முழக்கம்? உங்கள் ஹாரனும் அதையேதான் சொல்கிறது. "பின்தண்ணுமை" என்று வைக்கலாம்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து:
ஐயா மன்னிக்கவும், நான் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். தண்ணுமை என்றால் என்ன என்று ஒருவன் யோசித்து முடிப்பதற்குள் ஃபோர்க் அவன் கணுக்காலில் இருக்கும். எங்கள் ஆட்கள் சொல்வது ரிவர்ஸ் ஹாரன். பீகார், ஒடிசா பையன்களும் அதையேதான் சொல்கிறார்கள். அப்புறம், எந்த ஹாரன் என்பதையும் எழுதுங்கள். பீப்பீப் என்று ஒற்றைச் சுருதியில் கத்துவது ஒரு வகை. ரேக்குகளில் பட்டுத் திரும்பும்போது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாது. ஷ்ஷ் ஷ்ஷ் என்று இரைவது இன்னொரு வகை. அதில் பல அலைவரிசைகள் கலந்திருப்பதால் காது திசையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். எதை வாங்கினாலும் கிடங்குச் சத்தத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். அபாய ஒலி சுற்றுச் சத்தத்தைவிடக் குறைந்தது 15 டெசிபெல் கூட இருக்க வேண்டும் என்பது ஐ.எஸ்.ஓ. 7731 என்ற சர்வதேசத் தரநெறி சொல்லும் பொதுக்கணக்கு.

கோவையிலிருந்து:
ஷ்ஷ் வகைக்குச் "சீறொலி" என்று வையுங்கள். சீறினால் விலக வேண்டும் என்று யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பீப்பீப் இரட்டைக்கிளவி என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன். பிரித்தால் பொருள் தராது.

தஞ்சாவூரிலிருந்து:
சீறொலி நன்று. ஆனால் பீப்பீப் இரட்டைக்கிளவி அன்று. ஒரு தடவை "பீப்" என்றாலும் பொருள் இருக்கிறதே!

மதுரையிலிருந்து:
அந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். "பின்செலவு" தப்பு. கணக்குப் பிரிவில் பின்னால் வரப்போகும் செலவு என்றுதான் வாசிப்பார்கள். அது போகட்டும். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில், தருசொல் வருசொல் இரண்டும் தன்மை முன்னிலைக்கு உரியவை, செல்சொல்லும் கொடைச்சொல்லும் படர்க்கைக்கு என்கிறார். ரிவர்ஸ் என்பது ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்துச் சொன்ன சொல். முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டி எண்ணுகிறவனுக்கு வண்டி செல்லவில்லை, வருகிறது. ஒலி அவனுக்காகத்தானே? ஆகவே "பின்வரவு".

ஓரகடத்திலிருந்து:
அம்மா, இது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் பின்வரவு ஒலிப்பான் என்று மேலாளரிடம் காட்டினேன், "வரவா? நல்லது, எவ்வளவு?" என்றார்.

சென்னையிலிருந்து:
செங்கோட்டு விளக்கைப் பற்றி யாருமே பேசவில்லை. எனக்குத் திருச்செங்கோடுதான் நினைவுக்கு வருகிறது. "சிவப்புக் கோட்டு விளக்கு" என்றால் குறைந்தா போய்விடும்?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து:
குறையாது. நீல விளக்குக்கும் அப்படியே விடுங்கள். ஒன்று மட்டும்: அதற்கு நீலம் வைத்ததே, சுழலும் மஞ்சள் விளக்குகளோடு கலந்துவிடக் கூடாது என்றுதான். ரேக் முனையில் வண்டி தெரியுமுன் வட்டம் தெரியும். வெயில் விழும் லோடிங் பக்கத்தில் மங்கிப் போகும், அங்கே ஹாரன்தான் கதி. இதைச் சுவரொட்டியில் ஒரு வரி எழுதினால் பெயரைவிட உபயோகம்.

ஓரகடத்திலிருந்து:
நாளை அச்சு. முடிவாக அனுப்புவது: "ஹாரன் சீறினால் வண்டி உன்னை நோக்கி வருகிறது. நீல வட்டம் கண்டால் நில். சிவப்புக் கோட்டைத் தாண்டாதே." கீழே படங்கள், இந்தியிலும் ஒடியாவிலும் இதே வரிகள். கலைச்சொல் பட்டியலில் மட்டும் "பின்வரவு ஒலிப்பான்", அடைப்புக்குறிக்குள் ரிவர்ஸ் ஹாரன். எல்லோருக்கும் நன்றி.

தஞ்சாவூரிலிருந்து:
தம்பி, பட்டியலில் மூன்றாவதாகத் தண்ணுமையையும் போட்டு வையுங்கள். இடம் இருக்கும். ஃபோர்க்லிஃப்டுக்கே இன்னும் தமிழ்ப் பெயர் வைக்கவில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன். இரண்டாகப் பிளவுபட்டதைக் குறிக்கக் "கவை" என்று ஒரு சொல் இருக்கிறது. குறுந்தொகை 324-இல் கவைமக...