பீட்டர் வேலப்பன்: கண்டவர்களும் கேள்விப்பட்டவர்களும் எழுதுங்கள்

மட்டக்களப்பிலிருந்து:
ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் பொதுச் செயலாளராக 1978 முதல் 2007 வரை இருந்த பீட்டர் வேலப்பனை நேரில் கண்டவர்கள் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். நான் கண்டதில்லை. கொழும்பில் உதைபந்தாட்டப் பயிற்றுநர்களுக்கான சி லைசன்ஸ் பயிற்சிக்குப் போயிருந்தபோது பாடம் நடத்திய சேர்தான் தேநீர் நேரத்தில் 1999 கதையைச் சொன்னார். 2002 உலகக் கிண்ணம் முதல் தடவையாக ஆசியாவுக்கு வருகிறது, கொரியாவும் ஜப்பானும் சேர்ந்து நடத்துகின்றன, ஆனால் அந்த இரண்டு நாடுகளும் போக மிச்ச ஆசியா முழுவதற்கும் ஃபிஃபா கொடுக்க நினைத்தது இரண்டே இடம். லொஸ் ஏஞ்சல்ஸ் மாநாட்டில் ஆசியப் பிரதிநிதிகள் எழும்பி வெளியே போய்விட்டார்கள். அந்த நேரம் ஆசியாவுக்காக உரத்துப் பேசியவர்களில் வேலப்பன் ஒருவர். கடைசியில் ஐரோப்பிய அணி ஒன்றோடு மோதிப் பிடிக்கக்கூடிய வாய்ப்பு ஒன்று கூடக் கிடைத்தது, அதில் ஈரான் அயர்லாந்திடம் தோற்றது. அதே வேலப்பன் அந்த உலகக் கிண்ணத்தின் ஒருங்கிணைப்பாளராக ஃபிஃபாவுக்கும் வேலை செய்தார். கேட்டதிலிருந்து எனக்கு அந்த ஆள் மேல் பெரிய மரியாதை.

கல்முனையிலிருந்து:
அண்ணன், நான் கோலாலம்பூரில் வேலை செய்த காலத்தில் புக்கிட் ஜலீலில் உள்ள கூட்டமைப்பின் தலைமையகத்தைக் கடந்துதான் போய்வருவேன். உள்ளே போகும் வேலை எனக்கு இருக்கவில்லை. என்னோடு வேலை செய்த வயதான மலேசியத் தமிழர் ஒருவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வேலப்பனைப் பற்றிப் பேசுவார். நெகிரி செம்பிலானில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போன மலேசிய அணியோடு போனவர் என்று சொல்லும்போது அவர் முகமே மாறிவிடும். ஓய்வுக்குப் பிறகும் மலேசிய உதைபந்தாட்டம் கீழே போவதைப் பார்த்து வேலப்பன் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை, பேப்பரில் நேருக்கு நேர் குறை சொன்னார். 2018இல் காலமானார்.

அக்கரைப்பற்றிலிருந்து:
மரியாதை சரி காக்கா, ஆனால் ஒருவர் 29 வருடம் ஒரே கதிரையில் இருப்பது எந்த அமைப்புக்கும் நல்லதில்லை என்றுதான் நான் நினைக்கிறேன், அவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும். நம் பக்கத்து லீக் ஒன்றிலேயே அதன் பலனை அனுபவித்தவன் நான். பெயர் வேண்டாம்.

ஆனால் அவர் காலத்தில் நடந்த ஒன்றை மறக்க மாட்டேன். 2006இல் அந்த ஆசியக் கூட்டமைப்பின் (ஏ.எஃப்.சி.) சேலஞ்ச் கிண்ணம் பங்களாதேஷில் தொடங்கியது, பெரிய நாடுகளோடு மோதி வாங்கிக் கட்டிக்கொள்ளும் சின்ன நாடுகளுக்கென்றே ஒரு போட்டி. இலங்கை அரையிறுதியில் நேபாளத்தைப் பெனால்டியில் வென்று இறுதிக்கே போனது! டாக்காவில் தஜிகிஸ்தானிடம் 4-0 தோல்விதான், இருந்தாலும் என்ன? அப்போது இங்கே நிலைமை மோசம், பொழுது பட்டால் றோட்டில் ஆள் இராது, அடுத்த நாள் பேப்பரைச் சலூனில் வைத்து நாலைந்து பேர் மாறி மாறி வாசித்தோம். தங்கள் அளவுக்கு ஒத்த அணியோடு ஆடினால் இறுதி வரைக்கும் போகலாம் என்று அன்றைக்குத்தான் எங்கள் பெடியன்கள் நம்பினார்கள். அந்த ஏற்பாட்டைச் செய்த எல்லோருக்கும், வேலப்பனுக்கும்தான், நான் நன்றி சொல்வேன்.

மட்டக்களப்பிலிருந்து:
தம்பி, 29 வருடம் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். சேலஞ்ச் கிண்ணம் பற்றிச் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இங்கே வெபர் மைதானத்தில் பெரிய கழகங்களிடம் ஆறு, ஏழு கோல் வாங்கிவிட்டு அடுத்த வருடம் அணியே போடாத ஊர்க் கழகங்கள் எத்தனை. முதல் சுற்றில் தோற்ற அணிகளுக்குத் தனியாக ஒரு கிண்ணம் வைத்தால் என்ன? வாகரையிலிருந்தும் நாவிதன்வெளியிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள், பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் நான் இரண்டு பேரிடம் பேசிவிட்டேன். கல்முனைத் தம்பி, மத்தியஸ்தர்களை நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா?