இறந்தவரின் கணக்கு வழக்குகளை முடித்த அனுபவம்: உங்களுக்கு நடந்தது என்ன?

திருச்சி மருமகள்

எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதம் என்பது இங்கே பலருக்கும் அத்துப்படி. அதற்குள் நான் போகவில்லை. கணவர் போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். வாரிசுச் சான்றிதழுக்காகக் கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வந்தார். நான், மகன், மகள், மாமியார் என நான்கு பெயர். மகன் இறந்தால் அவன் சொத்தில் மனைவி மக்களோடு தாய்க்கும் சமபங்கு உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அலுவலர் எழுதிக்கொண்டே, "பாட்டியம்மா, உங்கள் பங்கை மருமகளுக்கு விட்டுவிடுகிறீர்கள்தானே?" என்று பேச்சுவாக்கில் கேட்டுவிட்டார். அது அவர் கேட்க வேண்டிய கேள்வியே அல்ல.

மாமியார் என்னைப் பார்க்கவில்லை. நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அலுவலர் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து ஒரே அடுப்பில் உலை வைத்த வீடு இது. இப்போது நான் சமையலறைக்குள் போனால் அவர் எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறார்.

கல்யாணத்துக்கு முன்பு கணவர் எடுத்த ஆயுள் காப்பீட்டில் நாமினி மாமியார்தான். பணம் அவர் கணக்குக்கு வந்துவிட்டது. அதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வேறு யார் வீட்டிலாவது இப்படி நடந்திருக்கிறதா?

தேனிக்காரன்

சகோதரி, உங்கள் வீட்டில் வாய் திறக்காதது பிரச்சினை. எங்களுக்கு வாய் திறந்த ஒருவர்தான் பிரச்சினை.

அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வங்கிப் புத்தகத்தில் பெயருக்கு முன்னால் இனிஷியல். ஆதாரில் தாத்தா பெயர் முழுதாகப் பின்னால். இறப்புச் சான்றிதழில் இனிஷியலே இல்லை, போதாக்குறைக்கு ஓர் எழுத்தும் மாறியிருந்தது. நம் ஊரில் பாதிப் பேருடைய காகிதங்கள் இப்படித்தான் இருக்கும். கிளை மேலாளர் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "இறந்தவரும் கணக்கு வைத்திருந்தவரும் ஒரே ஆள்தான் என்று நான் எப்படி நம்புவது?" என்றார்.

மார்ச் மாதம் வந்தால் வைப்புத்தொகை பிடிக்க எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து அதிரசம் தின்றவர் அவர். அப்பாவின் உடலுக்கு மாலையும் போட்டார். அந்த மாலை விழுந்தது யார் கழுத்தில் என்று கேட்க நா வரை வந்தது. தங்கை என் கையைப் பிடித்து அழுத்தியதால் கேட்கவில்லை. இருவரும் ஒருவரே என்று சான்று வாங்க வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைந்தோம். பணம் வந்துவிட்டது. கேட்காமல் விட்டதுதான் இன்னும் அடங்கவில்லை.

வக்கீல் குமாஸ்தா

திருச்சிச் சகோதரிக்கு. நாமினி என்பவர் பணத்துக்குச் சொந்தக்காரர் அல்ல. வாங்கி வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியவர். ஆயுள் காப்பீட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் 1983-இல் இதைச் சொல்லிவிட்டது. மாமியார் தன் கால் பங்கை வைத்துக்கொண்டு மீதியைத் தந்தாக வேண்டும். வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள், திண்ணையிலிருந்து உள்ளே வந்துவிடுவார். இதே போன்ற ஒரு வழக்கில் எங்கள் அலுவலகத்துக்கு மாமியாரும் மருமகளும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஆட்டோக் கூலியை யார் கொடுப்பது என்று வாசலில் ஆரம்பித்ததுதான், வழக்கு இன்னும் நடக்கிறது.

பாளையங்கோட்டைக்காரி

அந்த வழக்கை முன்னுதாரணமாகச் சொல்லிவிட்டு நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறீர்களே!

என் கதை நகைக்கடன். அத்தனையும் என் நகை. என் அப்பா எனக்குப் போட்டு அனுப்பியது. வங்கிக்குப் போக எனக்கு நேரமில்லை என்று கணவர் பெயரில் அடகு வைத்தோம். எல்லா வீட்டிலும் அப்படித்தானே. அவர் தவறிய பிறகு, வட்டியும் முதலுமாகப் பணத்தை எடுத்துக்கொண்டு மீட்கப் போனேன். சீட்டில் இருக்கிற பெயருக்கு உரியவர் இல்லாததால் வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். மகள் மஸ்கட்டில் இருக்கிறாள். அவள் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டுமாம். நகை என்னுடையது என்றேன். "சீட்டில் அப்படி இல்லையே அம்மா" என்று கவுண்டரில் இருந்த பெண் மெதுவாகத்தான் சொன்னாள். அவள் காதில் போட்டிருந்த ஜிமிக்கி அச்சு அசல் உள்ளே இருக்கும் என் ஜிமிக்கி மாதிரியே இருந்தது. பேச்சு மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் நகையைக் கேட்க நான் இறந்தவரின் வாரிசாகத்தான் வர வேண்டியிருந்தது.

கடைசியில் ஒரு கொடுமை: காகிதங்கள் மஸ்கட்டில் சுற்றிக்கொண்டிருந்தபோது ஏல நோட்டீஸ் வந்தது, அவர் பெயருக்கே.

முன்னாள் மேலாளர்

நானும் ஒரு கிளையில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவன். தேனித் தம்பியின் கோபம் புரிகிறது; ஆனால் தணிக்கைக்கு வருபவர் அதிரசக் கணக்கைப் பார்க்க மாட்டார், பெயரைத்தான் பார்ப்பார்.

என் அனுபவம் சின்னது. கொத்தனார் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார். அவர் மனைவி கணக்கை மூட வந்தார். இருப்பு சில நூறு ரூபாய். புத்தகத்தைப் புரட்டினேன்; மே மாதக் கடைசியில் 436 ரூபாய் ஒன்று, 20 ரூபாய் ஒன்று பிடித்திருந்தது. "இது என்ன தெரியுமா அம்மா?" என்றேன். "பணம் குறைந்ததற்கு அபராதம் என்று அவர் திட்டிக்கொண்டிருப்பார் சார்" என்றார். இரண்டும் காப்பீட்டுப் பிரீமியம். 436 என்பது பிரதமரின் ஜீவன் ஜோதி, எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 20 என்பது சுரக்ஷா, விபத்துக்கு இன்னொரு 2 லட்சம். நான் அந்தப் பக்கத்தைப் புரட்டியிராவிட்டால் அந்த அம்மா சில நூறு ரூபாயோடு போயிருப்பார். அப்படி எத்தனை பேர் என் கவுண்டரிலிருந்தே போயிருப்பார்கள் என்பதை நினைத்தால்தான் தூக்கம் கெடுகிறது.

அதனால் சொல்கிறேன். கணக்கை மூடும் முன் இரண்டு வருடத்துப் பதிவுகளை வரி வரியாகப் படியுங்கள். காப்பீடு, சீட்டு, லாக்கர் வாடகை எல்லாம் அங்கேதான் தலைகாட்டும். பணியில் இருக்கும்போது இறந்தவருக்கு வருங்கால வைப்பு நிதி இருந்தால் படிவம் 20 மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஓய்வூதியத்துக்கு 10-டி, காப்பீட்டுக்கு 5-ஐஎஃப். அந்தக் காப்பீடு 7 லட்சம் வரை வரும். தொழிலாளி சம்பளத்தில் அதற்கென்று எதுவும் பிடிக்காததால் குடும்பத்துக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. மாநில அரசு ஓய்வூதியர் என்றால் குடும்பப் பாதுகாப்பு நிதி 50,000 உண்டு. ஓய்வூதியர் இறந்ததை உடனே சொல்லிவிடுங்கள், பிறகு வரவாகும் தொகையைத் திரும்பப் பிடித்துவிடுவார்கள். ஏடிஎம் அட்டை கையில் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். நாளைக்கு உடன்பிறந்தவர்களே கணக்குக் கேட்பார்கள். நாமினியோ, உயிரோடிருப்பவருக்கே பணம் என்ற நிபந்தனையுள்ள கூட்டுக் கணக்கின் மற்றவரோ இருந்தால் நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்று கொண்டு வா என்று வங்கி வற்புறுத்தக் கூடாது. காகிதங்கள் முழுமையாக வந்த 15 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பழைய கணக்கு இருக்குமோ என்று சந்தேகமிருந்தால் ரிசர்வ் வங்கியின் உத்கம் இணையதளத்தில் தேடலாம். பத்து வருடம் யாரும் கேட்காத வைப்பு ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், ஆனாலும் வாரிசு கேட்டால் கிடைக்கும்.

குமாஸ்தா அவர்களுக்கு: 1983 தீர்ப்பு சரிதான். ஆனால் 2015-இல் காப்பீட்டுச் சட்டத்தின் 39-ஆவது பிரிவைத் திருத்திவிட்டார்கள். பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகையில் அவர்களுக்கே உரிமை என்று அது சொல்கிறது. அதன் பிறகும் வாரிசுரிமைச் சட்டமே மேலோங்கும் என்று தீர்ப்பளித்த உயர் நீதிமன்றங்கள் உண்டு. ஆகவே அந்தப் பணம் எந்தப் பக்கமும் போகலாம். வங்கி வைப்புத்தொகைதான் நீங்கள் சொல்வது போல.

திருச்சி மகளுக்கு: வீடு உங்கள் கணவர் பெயரில் இருந்தால் மாமியாரிடம், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடுங்கள். குடும்பத்துக்குள் என்பதால் 2023 ஜூலை முதல் முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000.

தேனிக்காரன்

ஐயா, தணிக்கையாளர் பெயரைப் பார்க்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? "சார், ஒரு சான்று மட்டும் வாங்கி வந்துவிடுங்கள்" என்று சொல்லியிருந்தால் நானே ஓடியிருப்பேன். "எப்படி நம்புவது" என்று கேட்டதைத்தான் சொல்கிறேன். நீங்கள் சொன்ன 436 ரூபாயை மட்டும் மாமா வீட்டில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஈரோட்டு மகன்

எங்கள் வீட்டில் வங்கியே கிடையாது, எல்லாம் கைமாற்று. காரியம் முடிந்ததும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் புரோநோட்டோடு வந்தார். அது மூன்று வருடம் தாண்டி, காலாவதியாகியிருக்க வேண்டிய நோட்டு. ஆனால் பின்பக்கத்தில் "வட்டிக்கு வரவு ரூ. 500" என்று எழுதி அப்பா கையெழுத்து இருந்தது, அதனால் நோட்டு உயிரோடு இருக்கிறது என்றார். தேதியைப் பார்த்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்து கிடந்த மாதம். நான் தலையை நிமிர்த்தினேன். அவரும் தேதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாடைக்குத் தோள் கொடுத்தவர் அவர். அம்மா உள்ளேயிருந்து, "கொடுத்துவிடு சாமி" என்றார். கொடுத்துவிட்டேன். இன்றைக்கும் எங்கள் வாய்க்காலுக்கு மடை திருப்பிவிடுபவர் அவர்தான், நன்றாகத்தான் பேசுகிறார்.

வக்கீல் குமாஸ்தா

கொடுத்திருக்கவே கூடாது. கடன் உண்மையாகவே இருந்தாலும், தகப்பன் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் மகன் பொறுப்பு, சொந்தக் கைப்பணத்தை எடுத்து அடைக்க வேண்டியதில்லை. அந்தக் கையெழுத்தைத் தடயவியல் ஆய்வுக்கு அனுப்பியிருந்தால் அவர் ஓடியிருப்பார். மேலாளர் ஐயா, 39-ஆவது பிரிவைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

ஈரோட்டு மகன்

அண்ணா, வாய்க்கால் தண்ணீரை யார் அனுப்புவார்கள்?

திருச்சி மருமகள்

விடுதலைப் பத்திரம், நோட்டீஸ் இரண்டுமே நான் கேட்கவில்லை. வயதானவரிடம் மகன் இறந்த கையோடு பத்திரத்தை நீட்டினால் அது என்ன வீடு? அவர் அந்தப் பங்கை வைத்துக்கொள்ளட்டும். அன்றைக்கு "யோசித்துச் சொல்கிறேன்" என்று ஒரு வார்த்தை என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் போதும். பாளையங்கோட்டை அம்மா, உங்கள் நகை என்ன ஆயிற்று?

முன்னாள் மேலாளர்

நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன். ஏல நோட்டீஸ் வந்ததும், கடன்தாரர் இறந்துவிட்டார், வாரிசுகள் மீட்கத் தயார் என்று பதிவுத் தபாலில் எழுதினீர்களா? எழுதாவிட்டால் இன்றே எழுதுங்கள்.

பாளையங்கோட்டைக்காரி

இறப்புச் சான்றிதழ் நகலை இணைத்து எழுதினேன் ஐயா. மறுவாரமே பதில் வந்தது. ஏலத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் கடிதம் மறுபடி அவர் பெயருக்கே; தங்கள் வேண்டுகோள் பரிசீலனையில் உள்ளது, அசல் அடையாள அட்டையுடன் தாங்கள் நேரில் வரவும் என்று எழுதியிருந்தது. மகளிடம் போனில் படித்துக் காட்டினேன். இருவரும் சிரித்தோம். அவர் போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. காகிதம் மஸ்கட்டிலிருந்து கிளம்பிவிட்டதாம், அடுத்த வாரம் போகிறேன்.