'தோடா' பெயரை வேறொருவர் இங்கே பதியப் பார்க்கிறார், தடுக்க வழி உண்டா?

தேக்காவாசி:
நீலகிரித் தோடர் பெண்கள் தைக்கும் சால்வைகளை அவர்கள் சங்கத்திடம் வாங்கி இங்கே சிங்கப்பூரில் விற்கவிருக்கிறோம். இதற்குள் ஒரு கடை, பாலியெஸ்டரில் அச்சடித்த சால்வைக்கு 'தோடா' என்ற பெயரை வர்த்தக முத்திரையாகப் பதிய ஐபோஸில் (சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகம்) விண்ணப்பித்து, அது வர்த்தக முத்திரை இதழிலும் வெளியாகிவிட்டது. இந்தியாவில் 2013லேயே தோடர் பூவேலைக்குப் புவிசார் குறியீடு (ஓர் ஊரின் தனிப்பொருள் என்ற பதிவு) கிடைத்ததே, போதாதா? இல்லை, எங்கள் கடை பெயரில் முந்திக்கொண்டு பதிந்திருக்க வேண்டுமா?

முத்திரைக்காரர்:
போதாதுங்க. இந்தியப் பதிவு இந்தியாவோடு நின்றுவிடும். இங்கே 2019 ஏப்ரலில் திறந்த புவிசார் குறியீட்டுப் பதிவகம் மது, பாலாடைக்கட்டி, பழம், மசாலா போன்றவற்றுக்குத்தான், துணிமணிக்கு இடமில்லை. வர்த்தக முத்திரைச் சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

இதழில் வெளியான தேதியிலிருந்து 2 மாதத்துக்குள் டிஎம்11 படிவத்தில் ஆட்சேபம் போக வேண்டும். அவகாசம் கேட்டால் மொத்தம் 4 மாதம் வரை நீளும். அதையும் முதல் 2 மாதத்துக்குள்ளேயே கேட்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம், ஆனால் சங்கத்தின் பெயரில் போவதே வலு. தீய நோக்கத்தில் விண்ணப்பித்தது என்ற சட்டப்பிரிவு 7(6)ஐ மட்டும் நம்பாதீர்கள், நிரூபிப்பது கடினம். பொருளின் தன்மையைப் பற்றி வாங்குபவரை ஏமாற்றும் முத்திரை என்ற 7(4)தான் உங்களுக்குக் கைகொடுக்கும். அசலில் துணியைத் தையல் சட்டகத்தில் மாட்டாமல், கோடும் வரையாமல், வெள்ளைப் பருத்தியின் இழைகளை எண்ணியே சிவப்பு, கறுப்பு நூலால் தைப்பார்கள். விரல் வைத்தால் தையல் மேடு தட்டுப்படும். அச்சுத் துணி வழவழவென்றிருக்கும். இரண்டையும் முன்னும் பின்னும் கிட்டத்தில் படமெடுத்து, சான்று தாக்கல் செய்யும் கட்டத்தில் உறுதிமொழிப் பத்திரத்தோடு இணையுங்கள்.

கடை பெயரில் பதிவதா? வேண்டவே வேண்டாம். அது அந்த மக்களின் பெயர். நாளைக்கு உங்கள் பதிவே அவர்களுக்குக் குறுக்கே நிற்கும்.

தேக்காவாசி:
நன்றிங்க. அப்படியானால் சங்கமே சான்றளிப்பு முத்திரை (பொருள் அசல் என்று சான்று சொல்லும் முத்திரை) எடுக்கலாமா? சங்கமும் நேரடியாக விற்கிறது.

நூலிழை:
விற்கிறதென்றால் முடியாது. தான் சான்று தரும் பொருளைத் தானே வியாபாரம் செய்பவருக்குச் சான்றளிப்பு முத்திரை கிடைக்காது. கூட்டு முத்திரைக்குப் போங்கள், உறுப்பினர்கள் பயன்படுத்தலாம். யார் உறுப்பினர், எந்தத் துணி, கையால் மட்டுமா, விதி மீறினால் என்ன என்று பயன்பாட்டு விதிகளைத் தெளிவாக எழுதித் தர வேண்டும். முத்திரைப் பதிவில் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், சால்வைக்கு வகுப்பு 25. வெறும் துணியாக விற்றால் 24ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'தோடா' என்ற தனிச்சொல் பொருளை விவரிக்கும் சொல்லாகவே பார்க்கப்படும், அதனால் சின்னத்தோடு சேர்த்துப் போடுங்கள். சின்னத்தில் எந்தக் கோலம் வரலாம், எது கூடாது என்பதைத் தோடர் பெரியவர்களே சொல்லட்டும். நியூசிலாந்தில் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் சின்னங்களைப் பார்க்க ஆலோசனைக் குழுவே 2002ஆம் ஆண்டு வர்த்தக முத்திரைச் சட்டத்தில் இருக்கிறது, இங்கே அப்படி இல்லை.

சங்கம் இந்தியாவில் கூட்டு முத்திரை விண்ணப்பித்தால், மாட்ரிட் நெறிமுறை (ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் முத்திரை பதியும் ஒப்பந்தம்) வழியாகச் சிங்கப்பூரைச் சேர்க்கலாம். புவிசார் குறியீட்டுச் சான்றிதழை அதற்கு அடிப்படையாகக் காட்ட முடியாது. முதல் 5 ஆண்டுக்குள் இந்திய முத்திரை விழுந்தால் இங்குள்ளதும் சேர்ந்து விழும்.

முத்திரைக்காரர்:
ஒன்று விட்டுப்போயிற்று. முத்திரை காப்பது பெயரையும் சின்னத்தையும்தான். பெயரே போடாமல் பூவேலையை மட்டும் அச்சடித்து விற்பவரை இதை வைத்துத் தடுக்க முடியாது. சங்கத்திடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.