இரண்டு முறை உருகிய சர்க்கரை லிப்பிட்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

எம்.எஸ்ஸி. புராஜெக்ட்டுக்கு ஆக்டைல் பீட்டா குளுக்கோசைடு செய்தேன். குளுக்கோஸ் தலையில் எட்டுக் கார்பன் வால் ஒட்டிய சர்க்கரை லிப்பிட் அது. அசிட்டைல் மூடி போட்ட குளுக்கோஸான அசிட்டோபுரோமோகுளுக்கோஸோடு எட்டுக் கார்பன் ஆல்கஹாலான ஆக்டனாலைச் சேர்த்து, அப்புறம் அசிட்டைல்களை நீக்கினால் கிடைக்கும். தூய்மை பார்க்கும் டிஎல்சி தகட்டில் ஒரே புள்ளி, அதாவது சுத்தம். ஆனால் உருகுநிலை பார்க்கும் மெல்லிய கண்ணாடிக் குழாயான கேப்பிலரியில் 69 டிகிரியை ஒட்டி இளகியது, முழுக்கத் தெளியவில்லை. கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. 107-ஐ ஒட்டித்தான் தண்ணீர்போல் ஓடியது. “கலப்படம், திரும்பக் காலம் போடு” என்றார்கள். காலம் (column) என்பது கலவையைப் பிரித்துச் சுத்தம் செய்யும் குழாய். மூன்று முறை போட்டேன். ஒவ்வொரு முறையும் அதே இரண்டு எண்கள். ஐப்பசி அடைமழையில் ஈரத்தை இழுத்துப் பொருள் பிசுபிசுத்ததுதான் மிச்சம்.

லேபில் உதவியாக இருந்த அண்ணாச்சி கேப்பிலரியை வாங்கிப் பார்த்து, “என்னம்மா இது, அல்வா பதம்லா இருக்கு!” என்றார். சரியாகச் சொன்னார். கெட்டியும் இல்லை, ஓடவும் இல்லை.

பாறைச் சீவல் பார்க்கிற, ஒளியைத் திருப்பும் பொருள் மட்டும் பளிச்சென்று தெரிகிற போலரைசிங் மைக்ரோஸ்கோப்பை ஜியாலஜிக்காரர்களிடம் கேட்டு வாங்கினோம். ஸ்லைடை ஹாட் பிளேட்டில் தெளிய உருக்கி, சட்டென்று லென்ஸுக்கு அடியில் வைத்தேன். முதலில் ஒரே இருட்டு. ஆற ஆற, சின்னக் குச்சிகளாக முளைத்து, ஒன்றோடொன்று சேர்ந்து விசிறி விசிறியாக விரிந்தது. ஸ்மெக்டிக் ஏ, அதாவது மூலக்கூறுகள் அடுக்கடுக்காக நிற்கும் திரவப் படிகம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

69-ல் உருகுவது வால்கள் மட்டும்தான். எட்டுக் கார்பன் வால் குழைந்து ஆடத் தொடங்கும். சர்க்கரைத் தலைகளோ ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று விடாமல் அடுக்காகவே இருக்கும். அந்தப் பிடி தளர்வதுதான் இரண்டாவது எண். 1911-இல் வேதியியலாளர்கள் எமில் ஃபிஷரும் ஹெல்ஃபெரிச்சும் பதினாறு கார்பன் வால் வைத்த குளுக்கோசைடிலேயே இப்படி இரட்டை உருகுநிலையைக் கண்டிருக்கிறார்கள். அதைப் படித்த அன்று, மூன்று காலம் போட்ட கைவலி போய்விட்டது.

தென்காசியிலிருந்து:

அக்கா, அதே பொருளில் தண்ணீர் விட்டுப் பார்த்தீர்களா? அழகு அங்கேதான். கவர்ஸ்லிப் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டேன். சாதாரண அறை வெப்பம்தான். தண்ணீர் ஊறிப்போகப் போக, பட்டை பட்டையாகப் பிரிந்தது. ஒவ்வொரு பட்டையும் மூலக்கூறுகள் ஒரு விதமாக அடுக்கிய ஒரு கட்டம் (phase). தண்ணீர்ப் பக்கம் மூலக்கூறுகள் சின்னச் சின்னத் திரளாகச் சேர்ந்த மிசெல், அடுத்து விசிறி போட்ட அறுகோணக் கட்டம், உள்ளே பளிச்சென்று அடுக்குக் கட்டம். அறுகோணத்துக்கும் அடுக்குக்கும் நடுவில் ஒரு கறுப்புப் பட்டை. அந்த இடம் காலி என்றே நோட்டில் எழுதிவிட்டேன். மறுநாள் பார்த்தால் அதற்குள் சிக்கிய காற்றுக்குமிழிகள் உருண்டையாக இல்லை, முனை முனையாக இருந்தன. கவர்ஸ்லிப்பை அழுத்தினால் நகரவே இல்லை. அது கனசதுரக் கட்டம். எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருப்பதால் ஒளியைத் திருப்பாது, அதனால்தான் கறுப்பு. அந்தப் பக்கத்தை அடித்துத் திருத்தியது இன்னும் என் நோட்டில் இருக்கிறது.

வள்ளியூரிலிருந்து:

நான் பன்னிரண்டு கார்பன் வால் வைத்துச் செய்தேன். தெளியும் வெப்பநிலை, அதாவது அந்த இரண்டாவது எண், 140-ஐத் தாண்டிப் போனது. அந்தச் சூட்டில் அதிக நேரம் வைத்தால் சர்க்கரை கருகிப் பழுப்பாகிவிடும், பாகு முறுகுகிற வாசமும் வரும். ஒவ்வொரு அளவீட்டுக்கும் புது மாதிரி எடுங்கள். ஈரம் போக்கும் மூடிய பாத்திரமான டெசிக்கேட்டரில் இரண்டு நாள் வைத்த பிறகு எடுங்கள், மழைக்காலமென்றால் இன்னும் கூடுதலாக.