களாக்காய் அரிந்தால் அருவாமனை கறுக்கிறது, மல்பெரி இலையாகவே நிற்கிறது

சிங்காநல்லூரான் கேட்டது:

வீட்டில் அடுப்படி என் பொறுப்பு. மனைவிக்கு மாறி மாறி வரும் ஷிஃப்ட், அதனால் காலைச் சமையல், ஊறுகாய், வற்றல் எல்லாம் நானே. கத்தியும் கொல்லையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சேர்த்தே கேட்டுவிடுகிறேன்.

வேலியோரம் இரண்டு களாச்செடி. வைத்ததைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை, அதுபாட்டுக்குக் காய்த்துத் தள்ளுகிறது. ஊறுகாய்க்காகப் பாட்டி வைத்துவிட்டுப் போன அருவாமனையில் அரிந்தால், முதலில் வெள்ளைப் பால் வந்து பிசுபிசுவென்று ஒட்டுகிறது. பத்துக் காய் தாண்டுவதற்குள் அலகு நீலம் பாய்ந்த கறுப்பு. காயின் வெட்டுவாயும் அதே நிறம். நெல்லிக்காய்க்கும் இந்தக் கதைதான். எவர்சில்வர் கத்தி ஒன்று இருக்கிறது, தக்காளித் தோலில் வழுக்குகிற அளவுக்கு மழுங்கல். ஜப்பான் கத்தி ஒன்று வாங்கலாமா என்று கை துறுதுறுக்கிறது.

அடுத்தது மல்பெரி. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது. தழை தழையாக இலை. பழம் என்று பார்த்தால் ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. மாட்டு எரு, கடலைப் புண்ணாக்கு எல்லாம் தாராளமாகப் போட்டிருக்கிறேன். என்ன குறை?

பையன் ஸ்ட்ராபெர்ரி வை என்று தினமும் நச்சரிக்கிறான். அதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

பட்டறை மாமா எழுதியது:

அது துரு இல்லை தம்பி. களா, நெல்லி இரண்டிலும் புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்தே இருக்கின்றன. புளிப்பு இரும்பைக் கொஞ்சம் கரைக்கிறது. கரைந்த இரும்பைத் துவர்ப்பிலுள்ள டானின் பிடித்துக்கொண்டு நீலக்கறுப்பாகிறது. அந்தக் காலத்தில் கடுக்காயோடு அன்னபேதி என்கிற இரும்பு உப்பைச் சேர்த்து எழுத்து மை காய்ச்சினார்களே, அதே சங்கதிதான். விஷம் கிடையாது. ஆனால் ஊறுகாயில் நிறம் செத்துப்போகும், நாக்கில் இரும்பு வாடை தட்டும்.

ஜப்பான் கத்தி விஷயத்தில் ஒரு நிமிஷம் பொறுங்கள். அவற்றில் பல ராக்வெல் அளவில் 60-க்கு மேல் கடினம். நம் வீட்டு எவர்சில்வர் கத்திகள் 55, 56 பக்கம் நிற்பவை. கடினம் கூடினால் கூர் நாள்பட நிற்கும், வாஸ்தவம். ஆனால் அலகு மெலிசு, பக்கவாட்டில் நெம்பினால் பொடிப்பொடியாகச் சில்லு தெறிக்கும். பூசணியில் கத்தியைக் குத்தித் திருகுவதும், தேங்காய் ஓட்டைக் கத்தியின் அடிப்பக்கத்தால் தட்டுவதும் நம் வீடுகளில் நடக்கிற காரியம். இரண்டையும் விட்டுவிட முடியும் என்றால் வாங்குங்கள்.

முப்பது வருஷம் லேத் பட்டறையில் நின்றவன் நான். எங்கள் கோவை கணபதி பக்கம், இரும்பு அறுக்கும் மெஷினின் பழைய பவர் ஹேக்ஸா பிளேடைத் தீட்டிக் கத்தி ஆக்கித் தருவார்கள். ஹைஸ்பீடு ஸ்டீல், லேசில் மழுங்காது. ஆனால் அதிலும் குரோமியம் ஏறக்குறைய 4 சதவீதம்தான். 10.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் துருப்பிடிக்காத எஃகு என்று கணக்கு. ஆகவே அதுவும் நெல்லிக்காயில் கறுக்கும். உங்கள் களாக்காய்க்கு அந்த மழுங்கின எவர்சில்வர் கத்தியே சரியான ஆயுதம். தீட்டத்தான் வேண்டும்.

சைக்கிள் சாணைக்காரரிடம் கொடுத்தால் பொறி பறக்கப் பிடித்துத் தருவார். நுனியோரம் நீலம் ஓடியிருந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். கையால் தீட்டுங்கள். இருபுறமும் வேறு வேறு சொரசொரப்புள்ள கார்போரண்டம் கல் இரும்புக் கடையில் கிடைக்கும். ஈரத் துணியின் மேல் கல்லை வைத்தால் நகராது. கத்தியின் அகலம் நாலரை செ.மீ. என்றால் முதுகைக் கல்லிலிருந்து ஒன்றரை செ.மீ. தூக்கிப் பிடியுங்கள், அதுதான் ஏறக்குறைய 20 டிகிரி. கத்தியின் வாயில், அதாவது கூர் ஓரத்தில், மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு நாலு இழுப்பு இழுங்கள். மை முழுக்க அழிந்தால் கோணம் சரி, மேல்பாதி மட்டும் அழிந்தால் முதுகை இன்னும் தூக்க வேண்டும். ஒரு பக்கமே தீட்டி வந்தால் மறுபக்கத்தில் பிசிறு ஏறும். கட்டைவிரலை முதுகிலிருந்து வாய் நோக்கித் தள்ளிப் பாருங்கள், நக ஓரம் மாதிரி லேசாகச் சுரண்டும். வாயின் நீளம் முழுக்கப் பிசிறு வந்த பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். நிறையப் பேர் வருவதற்கு முன்பே திருப்பிவிட்டு, கல் சரியில்லை என்பார்கள். கடைசியில் நைஸ் பக்கத்தில் மாற்றி மாற்றி லேசாக இழுத்துப் பிசிறை எடுத்துவிடுங்கள். கல் கைவசம் இல்லாத நாளில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பளபளப்பு இல்லாத வளையத்தில் இழுக்கலாம்.

கோபி மருமகள் எழுதியது:

மாமா கத்திக்குச் சொன்னது அத்தனையும் சரிங்க. ஆனா அருவாமனையைப் பரண்ல ஏத்திடாதீங்க தம்பி. வாழைப்பூவும் களாவும் நெல்லியும்தான் அதுக்கு ஆகாது. முருங்கைக்காய், கீரை, பூசணிக்கு அதை அடிச்சுக்க ஆள் கெடையாது. ரெண்டு கையும் காய்மேல இருக்குமுங்க, அலகு ஆடாம நிக்கும். கீரைக்கட்டை அப்படியே புடிச்சு அரியறதுக்குக் கத்தியில பலகை வெச்சு எத்தனை நேரம் ஆகுமுன்னு பாருங்க. வளைஞ்ச அலகைக் கல்லுமேல இழுக்க முடியாது. சின்னக் கல்லா எடுத்து அலகுமேல இழுக்கோணும், அடியிலிருந்து நுனிக்கு, வளைவு போற போக்குல. வேலை முடிஞ்சதும் கழுவித் தொடைச்சு ஒரு சொட்டு தேங்காயெண்ணெய். கறுத்ததைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சா வெளுக்கும். எதுக்கு வெளுக்கோணும்? அந்தக் கறுப்பு படிஞ்சுட்டா துரு சீக்கிரம் ஏறாது. எங்க மாமியார் அருவாமனை காக்கா நெறம்.

களாக்காய்க்கு நெசமாலுமே கத்தி வேணுமான்னு யோசிங்க. எங்கூட்டுல அரியறதே இல்லை. காயை உப்புத் தண்ணியில அலசி, கல்லுரல்ல போட்டு மரத்துடுப்புக் காம்பால ஒரு தட்டு. வாய் பொளந்துக்கும், விதை பிதுங்கி வெளிய வந்துரும், உப்பும் காரமும் உள்ள எறங்கும். கையிலயும் துடுப்புலயும் நல்லெண்ணெய் தடவிக்கிட்டா பால் ஒட்டாது. பலாச்சுளை எடுக்கறப்ப தடவிக்கறோமில்லீங்க, அதே மாதிரிதான். தாளிக்கறது எவர்சில்வர் சட்டியில, ஊற வெக்கறது பீங்கான் ஜாடியில. இரும்பு வாணல்ல தாளிச்சீங்கன்னா மாமா சொன்ன மையி ஜாடி நெறைய வந்துரும். அலுமினியமும் புளிப்புக்கு ஆகாது.

இனி மல்பெரி. எங்க கோபி பக்கம் பட்டுப்பூச்சி வளக்கறவங்க நெறையா. உங்க குச்சி எங்கிருந்து வந்துச்சு? பட்டுக்காரர் தோட்டத்துலன்னா அது வி-1 மாதிரி இலைக்குன்னே எடுத்த ரகமா இருக்கும். அதுவும் காய்க்குமுங்க, காய்க்கற மாதிரி நடத்தோணும். நீங்க போடற புண்ணாக்குல தழைச்சத்து அதிகம். பூச்சிக்குத் தீனி போடறவங்களுக்கு அது லாபம், உங்களுக்கு நட்டம். புண்ணாக்கை நிறுத்திப்போட்டு, வருஷத்துக்கு ஒரு தரம் மக்குன எரு, கொஞ்சம் அடுப்புச் சாம்பல், அது போதும்.

முக்கியமானது வெட்டறது. மல்பெரியில புதுசாத் துளுக்கற கிளையிலதான் பூ வரும். பழைய கிளையை அப்படியே உட்டா உச்சியில மட்டும் துளுத்துக்கிட்டு ஒசரமாப் போகும். இடுப்பு ஒசரத்துக்கு வெட்டுங்க, நிக்கற கிளையில இருக்கற இலையை மொத்தமா உருவிப் போடுங்க, நல்லாத் தண்ணி கட்டுங்க. பத்துப் பதினைஞ்சு நாள்ல கண்ணு வெடிக்கும். துளிரோடவே பச்சைப் புழுவாட்டம் பூங்கொத்து வரும். அதைக் கிட்டத்துல பாருங்க. ஒவ்வொரு பூவுலயும் வெள்ளையா ரெண்டு மயிர் பிரிஞ்சு நின்னா பெண் பூ, அது பழமாகும். மஞ்சளாத் தூள் உதுத்துட்டு வாடி விழுந்தா ஆண் பூ. மரம் முழுக்க ஆண் பூவாவே இருந்தா எத்தனை வெட்டுனாலும் பழம் வராது. காய்க்கற மரத்துலிருந்து பென்சில் தண்டிக் குச்சியா, மூணு நாலு கண்ணு இருக்கறதா வாங்கி நட்டுடுங்க. மழைக்காலத்துல பழுது போறது கம்மி.

இன்னொண்ணு. கிளையில வெள்ளைப் பஞ்சாட்டம் அப்பிக்கிட்டு இருந்தா மாவுப்பூச்சி. 2008-ல கோயமுத்தூர்ல மொதல்ல தெரிஞ்ச பப்பாளி மாவுப்பூச்சி எங்க மல்பெரித் தோட்டங்களையும் சூறையாடிப்போட்டுது. என்ன மருந்து அடிச்சும் அடங்கலை. 2010-ல போர்ட்டோ ரிக்கோவுலிருந்து அசெரோஃபேகஸ்னு ஒரு குட்டிக் குளவியைக் கொண்டாந்து விட்டாங்க, அதுக்கப்பறம்தான் அடங்குச்சு. அதனால மருந்து அடிக்காதீங்க, அந்தக் குளவியும் செத்துப்போகும். தண்ணியைப் பீச்சி அடிச்சுக் கழுவி உடுங்க. ரொம்ப அப்புன கிளையை வெட்டிடுங்க.

குன்னூர்க் குளிர் எழுதியது:

ஸ்ட்ராபெர்ரிக்கு மட்டும் பதில். கோவையில் அக்டோபர் கடைசியில் ஓடுதண்டுச் செடி வாங்கிப் பையில் வைத்தால் தை, மாசியில் கொஞ்சம் பழம் பார்க்கலாம். பங்குனி வெயிலில் கருகிவிடும், அதைப் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்களுக்கே இங்கே நத்தையோடு மல்லுக்கட்டு. பையனுக்குச் சொடக்குத் தக்காளி விதை தூவிக் கொடுங்கள். நெற்றியில் அடித்து உடைக்கவும் ஆச்சு, மஞ்சளாகப் பழுத்தால் தின்னவும் ஆச்சு. பச்சைக் காயைத் தின்னவிடாதீர்கள்.

சிங்காநல்லூரான் எழுதியது:

மாமா, மார்க்கர் சோதனை செய்தேன். என் இழுப்பில் மேல்பாதி மட்டும்தான் அழிகிறது. இத்தனை நாள் கத்தியின் தோளைத்தான் தீட்டியிருக்கிறேன் போல.

அக்கா, குச்சி சத்தியமங்கலம் பக்கம் பட்டுத் தோட்டத்தில் வாங்கியதுதான். பெண் பூவா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். எப்போது வெட்டுவது? கிடைத்த கைப்பிடிப் பழத்தில் ஜாம் செய்து பார்த்தேன், சர்பத் மாதிரி ஓடுகிறது.

கோபி மருமகள் எழுதியது:

வைகாசி பொறந்ததும் வெட்டுங்க தம்பி. ஆடியில பழுக்கும், உங்க களாவும் அப்பத்தான் செவந்து கறுக்கும். ரெண்டும் ஒண்ணா வரோணும், அதுலதான் சூட்சுமம். மல்பெரியில இனிப்பு இருக்குது, கெட்டியாக்கற பெக்டின் கம்மி, புளிப்பும் போதாது. களாவுல ரெண்டும் கொட்டிக் கெடக்குது. கடையில பொடி வாங்கிப் போடற வேலை மிச்சம்.

மல்பெரி ஒரு கிலோவுக்குக் களாப்பழம் கால் கிலோ. களாவைத் தனியாக் கொஞ்சம் தண்ணி உட்டு வேக வெச்சு, மசிச்சு, எவர்சில்வர் சல்லடையில வடிச்சுக்கோங்க. விதையும் பாலும் சல்லடையில தங்கிடும். மல்பெரிக்குக் காம்பு கிள்ளக் கத்தி வேண்டாம், சின்னக் கத்திரிக்கோல் எடுத்துக்கோங்க. கத்தியில சீவுனா பழம் நசுங்கிப் பாதிச் சாறு பலகைக்குப் போயிரும். அகலமான எவர்சில்வர் சட்டியில ரெண்டையும் கொதிக்க உட்டு, பழம் வெந்த பொறவு முக்கால் கிலோ சர்க்கரை. மொதல்லயே சர்க்கரையைக் கொட்டுனா தோல் வெறைச்சுக்கும். ஒரு தட்டை ஃப்ரிட்ஜ்ல வெச்சிருங்க. அதுல ஒரு சொட்டு உட்டு, விரலால தள்ளுனா சுருக்கம் உழுகோணும். உழுந்தா எறக்கிடுங்க, ஆறுனா இன்னும் எறுகும்.

பழம் பறிச்ச அன்னிக்கே காய்ச்சிடோணும், மல்பெரி மறுநாளைக்கே தண்ணி உட்டுரும். கீழ பழைய வேட்டியை விரிச்சுக் கிளையை உலுக்குங்க, கறுத்தது மட்டும் உதிரும், செவப்பு தானா நின்னுக்கும். சட்டையில சாயம் பட்டா பழுக்காத காயை நசுக்கித் தேய்ச்சு அலசுங்க, போயிரும். குயிலும் கொண்டைக்குருவியும் வரும். நைலான் வலை போடாதீங்க, எங்க பொடக்காளியில, அதான் கொல்லையில, சாரைப்பாம்பு சிக்கிச்சு. நாலு கிளைக்குப் பழைய சேலைத்துணிப் பை கட்டுனாப் போதும்.